நொடிக்கு ஆயிரம் தட்டு

என் சித்தியின் வயல் காய்ந்ததற்கு நான் எழுதிய ஓர் எண்தான் காரணம். ஆயிரம் என்ற எண். அந்த இடத்தில் நூறு என்று எழுதியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் இதை நம்பவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் இன்றைக்கும் பேச்சு. சிலர் அதை என்னைத் திட்டுவதற்காகச் சொல்கிறார்கள். சிலர் பாராட்டுவதற்காக.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு போர்வெல் இருக்கிறது. தாத்தா போன பிறகு நிலம் மூன்றாகப் பிரிந்தது, போர்வெல் பிரியவில்லை. பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, அப்பாவுக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு. சித்தப்பா இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. அவர் பங்கைச் சித்திதான் பார்த்தாள். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் காலை ஒன்பதுக்கு வந்து மதியம் மூன்றுக்குப் போய்விடும். ஆறு மணி நேரம், மூன்று பங்கு, ஆளுக்கு இரண்டு மணி. கணக்கு சுலபம். வரிசைதான் சிக்கல். மூத்தவர் முதலில் பாய்ச்ச வேண்டும், அடுத்து என் அப்பா, கடைசியில் சித்தி. தினம் இதே வரிசை. மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று சித்தி ஒருமுறை கேட்டாள்.

"பந்தியில மூத்தவன் எலைக்கு முன்னாடி எளையவன் எலைக்குச் சோறு விழுமா? அதுமாதிரிதாம்மா" என்றார் பெரியப்பா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதல் ஆள் ஐந்து நிமிடம் கூட எடுத்தால் இரண்டாம் ஆளும் ஐந்து நிமிடம் தள்ளி எடுத்துக்கொள்வார். நஷ்டமெல்லாம் உருண்டு உருண்டு கடைசி ஆளிடம் போய் விழும். மூன்று மணிக்குக் கரண்ட் போனால் போனதுதான், அதை யாரிடமும் கேட்க முடியாது. அதனால் சித்தி பன்னிரண்டரைக்கே மோட்டார் ரூமுக்கு வந்து, கையில் செல்போனை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒன்று அடித்ததும், "மாமா, நேரமாச்சு. மடைய மாத்துங்க" என்பாள். அப்பா வரப்பில் உட்கார்ந்தபடியே, "இந்தா மாத்துறேன்த்தா, ஓடியா போகப் போகுது" என்பார். இந்த 'இந்தா'வுக்குள் பத்து நிமிடம் ஓடிவிடும்.

கல்லூரி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு சண்டை நடந்தது. பெரியப்பா பாய்ச்சி முடிக்கவே நேரமாகி, அப்பாவும் தள்ளிப்போட, சித்தி இருவர் முகத்துக்கு நேராகவும் போனை நீட்டி நேரத்தைக் காட்டினாள். பெரியப்பா அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். "இப்பப் பாரு, மணி எத்தனைன்னு" என்றார். அப்பா சிரித்தார். நானும் அங்கேதான் இருந்தேன். சித்தி சேலையோடு வாய்க்காலில் இறங்கி, காலால் துழாவி அந்தப் போனை எடுத்தாள். எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அவளே போய் மடையை மாற்றினாள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்தவன் வீட்டில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு இத்தனை அசிங்கமா என்று தோன்றியது.

நான் வேலை பார்த்தது புதுக்கோட்டையில், மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே முறைத்தண்ணீர் பிரித்துவிடும் ஒரு பெட்டி செய்யலாம் என்று நானே முதலாளியிடம் சொன்னேன். மூன்று வயலுக்கும் மூன்று பிவிசி குழாய், ஒவ்வொன்றிலும் கரண்டில் திறந்து மூடும் ஒரு வால்வு. பெட்டிக்குள் இருக்கும் சிப் நேரத்தை எண்ணி, முறை முடிந்ததும் ஒன்றை மூடி அடுத்ததைத் திறக்கும். மனிதக் கையே படாது. அந்தச் சிப்பை ஆட்டிவைக்கும் அடிப்படை நிரலை, கெர்னல் என்பார்கள், வெளியிலிருந்து எடுக்காமல் நானே எழுதினேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய திமிர்.

அந்த நிரலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிப்புக்குத் தானாக நேரம் தெரியாது. அதன் ஓரத்தில் இருக்கும் டைமர், நொடிக்கு இத்தனை தடவை என்று அதன் தோளில் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, யார் முறை நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் வேலைக்குப் போகும். டைமர் இன்டரப்ட் என்பது இந்தத் தட்டுதான். எண்ணிய தட்டுகள்தான் அதற்கு நேரம். நொடிக்கு எத்தனை தட்டு என்பதை எழுதுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் சீனியர் நூறு போதும் என்றார். திருச்சியில் படித்தவர், மேசையில் கால் போட்டுத்தான் பேசுவார்.

"தம்பி, நீங்க ராக்கெட்டா விடுறீங்க? தண்ணிதானே பாய்ச்சுறீங்க. நூறு போடுங்க."

"ஆயிரம் போட்டா இன்னும் துல்லியமா இருக்கும் சார்."

"தட்டிக்கிட்டே இருந்தா அவன் எப்ப வேலை பாப்பான்? ஒங்க ஊர்ல மாட்டை இப்படித்தான் தட்டுவீங்களா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என்னை அங்கே 'கிணத்து இன்ஜினியர்' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஆயிரம் என்று எழுதினேன். அது மட்டும் காரணம் இல்லை. சித்தி வாய்க்காலில் இறங்கியது கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒரு நொடியை நூறாக வெட்டிப் பங்கு போடுவதைவிட ஆயிரமாக வெட்டிப் போடுவது நியாயத்துக்கு இன்னும் பக்கம் என்று நிஜமாகவே நம்பினேன்.

மேசை மேல் வைத்து மூன்று நாள் ஓடவிட்டேன். நொடி பிசகவில்லை. முதல் பெட்டியை எங்கள் மோட்டார் ரூமிலேயே மாட்டினேன். பெரியப்பா சாமி கும்பிட்டுச் சந்தனம் வைத்தார். சித்தி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"இனிமே நான் இங்க வந்து நிக்க வேணாமாப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம் சித்தி. வீட்டுல இருங்க. ஒங்க நேரம் ஒங்களுக்குத் தானா வரும்."

அவள் அதை நம்பினாள். நாற்று நட்டு, களை எடுத்து, பயிர் முழங்கால் உயரம் வரும்வரை மோட்டார் ரூம் பக்கமே வரவில்லை. நல்ல மழை பெய்துகொண்டிருந்ததால் தண்ணீர் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மழை நின்ற பிறகுதான் அவள் வயலின் கடைசித் துண்டு வெடிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, மோட்டார் ரூமுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவும் அப்பாவும், உரம் இறக்க வந்த இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

"தம்பி, ஒரு மணிக்கு எனக்குத் தண்ணி வரணும்ல? ஒண்ணே காலுக்கு மேலதான் வருது. நாலு நாளாப் பாக்குறேன்."

"எதுல பாத்தீங்க?"

போனைக் காட்டினாள். வாய்க்காலில் கிடந்த அதே போன்தான். கண்ணாடிக்குள் இன்னமும் ஒரு ஈரக் கறை இருந்தது.

"இது தண்ணியில விழுந்த போன் சித்தி. இது எப்படிச் சரியா ஓடும்?"

"டவர்ல வர்ற நேரம்தானப்பா காட்டுது."

"எடையில கரண்டு விட்டு விட்டு வந்திருக்கும்."

"வரலை. நான் இங்கனயேதான் நின்னேன்."

பெரியப்பா இருமினார். "படிச்ச புள்ள பொய் சொல்லுதுங்கிறியாம்மா? இல்ல மிஷின் பொய் சொல்லுதா?"

உரக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் பெட்டியைப் பொய் என்கிறாளே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"சித்தி, அந்தப் பெட்டி ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சு எண்ணுது. ஒங்களுக்கு ஆயிரம் வரைக்கும் எண்ணத் தெரியுமா?"

முதலில் சிரித்தது அப்பா. பிறகு எல்லோரும். உரக்காரர்களில் ஒருவன், "அத்தைக்கு நூறே எடைஞ்சல்" என்றான். சித்தி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அப்புறம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. வயலில் குச்சி நட ஆரம்பித்தாள். தினம் மூன்று மணிக்குக் கரண்ட் போனதும், தண்ணீர் எதுவரை எட்டியிருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு கருவேலங்குச்சி. நுனியில் பழைய சேலைக் கிழிசல். நாளுக்கு நாள் வெயில் கூடக் கூடக் குச்சிகள் வாய்மடைப் பக்கமாகப் பின்வாங்கி வந்தன. வீட்டில் அம்மா, "கண்ணேறுக்கு நட்டு வச்சிருக்கா போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு எங்கள் வயலைச் சுற்றி வந்தேன். பயிர் கரும்பச்சையாக நின்றது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். அப்பா என்னிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியதைச் சொன்னபோதுகூட, "சரி, அந்த மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றுதான் சொன்னார். அன்றைக்கு வரப்பில் நின்று என் தோளில் கை போட்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க."

"என்னத்தப்பா?"

"மிஷினைத்தான். மூத்தவருக்கும் எனக்கும் ஒன்பது ஒன்பது நிமிசம் சேத்துத் தருதுல்ல. மொத வாரமே நான் பாத்துட்டேன். மூத்தவரும் பாத்துட்டாரு. வெளிய ஒருத்தனுக்கும் தெரியாமப் பண்ணியிருக்க பாரு, அதுலதான்டா படிப்பு இருக்கு. அன்னைக்கு ஆயிரம் எண்ணத் தெரியுமான்னு ஒரு போடு போட்ட பாரு, அவ வாயே தொறக்கலையே!"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். தோளில் இருந்த கையை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒரு நிமிடம் எண்ணி முடிக்க என் போனில் அறுபத்து நாலரை நொடி ஆனது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதேதான். மோட்டாரை நிறுத்தினேன். சரியாக அறுபது நொடி. மறுபடி ஓடவிட்டேன். அறுபத்து நாலரை.

அப்போது புரிந்தது. மோட்டார் ஓடும்போது மட்டும், அது எரிந்துபோகாமல் இருக்க, பெட்டி நொடிக்குப் பத்துத் தடவை கரண்டை அளந்து பார்க்கும். அளக்கும் நேரத்தில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சிப்பின் காதை நானே அடைத்துவைத்திருந்தேன். ஒரு தடவைக்கு எட்டு மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் எட்டுத் துண்டு. நொடிக்கு நூறு தட்டு என்றால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பத்துத் துண்டு இடைவெளி உண்டு. காது அடைத்திருக்கும்போது அதிகபட்சம் ஒரு தட்டு வரும், அது வாசலில் காத்து நிற்கும், திறந்ததும் எண்ணப்படும். ஆயிரம் தட்டு என்றால் அந்த நேரத்துக்குள் எட்டு வரும். வாசலில் ஒன்றுதான் நிற்க முடியும். மற்ற ஏழும் காணாமல் போகும். நொடிக்குப் பத்துத் தடவை, ஏழேழு. ஆயிரத்தில் எழுபது. சிப்புக்குத் தான் தொலைத்தது தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரி. கம்பெனி மேசையில் நான் மோட்டாரே இல்லாமல் சோதித்திருந்தேன்.

ஒன்பதுக்கு ஆரம்பித்த பெரியப்பா முறை பதினொன்று ஒன்பதுக்கு முடிந்தது. அப்பா முறை ஒன்று பதினெட்டுக்கு. மூன்றுக்குக் கரண்ட் போய்விடும். தினம் பதினெட்டு நிமிடம் சித்தியிடமிருந்து போயிருக்கிறது. வாய்க்காலில் விழுந்த அந்தப் போன் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

கம்பெனியில் சீனியரிடம் சொன்னேன். மேசையிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டு, "கிணத்து இன்ஜினியர் சித்தி தலையில தண்ணி தெளிச்சு விட்டாராம், வாங்க கேளுங்க" என்றார். நான் நின்றபடியே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மாற்ற வேண்டியது ஒரே வரி. ஆயிரத்தை நூறாக்கி, ஒரு வாளியில் தண்ணீர் சுற்ற மோட்டாரை நிஜமாகவே ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பிசகவில்லை.

அந்த வாரமே லேப்டாப்போடு ஊருக்குப் போனேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தெரியாமல் நடந்த தப்பு என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏமாந்துபோன முகம்.

"தெரியாமலா?"

"ஆமாப்பா."

வயல் பக்கம் கையைக் காட்டினார். "சரி, தெரிஞ்சோ தெரியாமலோ. கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்பத் தண்ணியக் குறைச்சா நமக்குத்தான் பதராகும். அறுப்பு முடியட்டும், அப்புறம் நீ என்னவேணாப் பண்ணு."

"சித்தி வயலுக்கும் அதே நேரந்தானப்பா."

"அவளுக்கு என்ன, ஒத்தக் கட்டை. நமக்கு அப்படியா?"

லேப்டாப் பையைத் திறக்காமலே பஸ் ஏறினேன். அறுப்புக்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளில் மூன்று தடவை ஊருக்கு வந்தேன். மூன்று தடவையும் பை என் தோளில்தான் இருந்தது.

அறுப்பு மிஷின் வந்த அன்றும் நான் இருந்தேன். பெரியப்பா வயல், எங்கள் வயல், பிறகு சித்தி வயல். முதல் பாதி எப்படியோ தேறியது. குச்சி நட்ட இடத்தைத் தாண்டியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினான். எல்லாம் பறந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லத்தா. ஓட்டுனா டீசலுக்குத்தான் தெண்டம்."

"மாடு திங்கும், விடு" என்றார் பெரியப்பா.

சித்தி அந்தக் காய்ந்த துண்டுக்குள் போய்க் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டினாள். அடுப்புக்கு எடுத்துப்போனாள்.

மறுநாள் நான் பெட்டியைத் திறந்து புது நிரலை ஏற்றினேன். அதே வாரம் சித்தி நிலத்தை அப்பாவிடம் குத்தகைக்கு விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. மணமேல்குடியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே கருவாட்டுக் கொட்டகையில் வேலை இருக்கிறதாம். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க இன்ஜினியர் சார்" என்றாள். வாழ்நாளில் அவள் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"சித்தி, பெட்டியில ஒரு தப்பு இருந்துச்சு. என் தப்புதான். ஒங்களுக்கு நேரம் குறைஞ்சிருக்கு."

"எத்தனை நிமிசம்?"

"பதினெட்டு."

"நான் பத்தொம்பதுன்னு நெனச்சேன்." சாக்கின் வாயைச் சணலால் இழுத்துக் கட்டினாள். "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"நேத்துத்தான் சித்தி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

"நான் வேணும்னு பண்ணலை. சத்தியமா தெரியாம நடந்துபோச்சு."

"அப்படிச் சொல்லாதப்பா. அப்பனுக்காகப் பண்ணுனேன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். பெத்தவனுக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்ணுவ? திருடன்கிட்டத் தோத்தேன்னு மனசை ஆத்திக்குவேன். ஒண்ணுமே தெரியாத பயகிட்டயா நான் வயலை விட்டேன்? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேட்டியே, ஒனக்கே எண்ணத் தெரியாமத்தான் கேட்டியா?"

அவள் அடுத்த சாக்கை எடுத்தாள்.

"போப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒங்க பெட்டி மாதிரி பஸ்காரன் சேத்து நிக்க மாட்டான்."

பஸ் மறுநாள் காலைதான்.

அடுத்த நடவுக்கு அப்பா என்னை மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டார். பெட்டி இப்போது சரியாக ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஒரு மணிக்கு, டக்கென்ற சத்தத்தோடு எங்கள் வயல் வால்வு மூடி, சித்தி வயல் வால்வு திறந்தது. என் போனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு நொடி வித்தியாசம் இல்லை.

"எதுக்குடா இது மாறுது?" என்றார் அப்பா. "ரெண்டும் இப்ப நமக்குத்தானே. எந்த வயலுக்கு எப்பன்னு நானே திருப்பிக்கிறேன். மூத்தவரு ரெண்டு மணி, மிச்சம் நாலும் நமக்குன்னு போட்டுவிடு."

லேப்டாப்பைத் திறந்தேன். நிரலின் மேல்பக்கத்தில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருந்தன. நொடிக்கு எத்தனை தட்டு: நூறு. அதில் கை வைக்கவில்லை. அதற்குக் கீழே, பங்கு எத்தனை: மூன்று. அதை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்; கடைசிப் பங்கு எப்போதும் கரண்ட் போகும்வரை ஓடும். அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்ப்பா."